“ஓராங் அப்பா?” – வாடகை வீட்டுத் தமிழர்களே, தனித்தனியாக எத்தனை நாள் கெஞ்சுவது?

காப்பாரிலும் மேருவிலும் கிள்ளானிலும் “வாடகைக்கு வீடு” என்ற அட்டையைப் பார்த்து போன் செய்கிற நம்மவர்களுக்கு முதலில் கிடைப்பது வாடகை எவ்வளவு என்ற தகவல் அல்ல. ஒரு கேள்விதான் கிடைக்கிறது. “ஓராங் அப்பா?” நீ எந்த இனம்? இந்தியர் என்று சொன்னதும் குரல் மாறிவிடும். “மாஃப் யா, ஓனர் தாக் மாவு இந்தியா.” மன்னிக்கணும், வீட்டுக்காரருக்கு இந்தியர் வேண்டாமாம். அதோடு போன் துண்டிக்கப்படும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகைக்கு வீடு தேடி இந்தப் பதிலை ஒரு முறையாவது கேட்காத தமிழ்த் தொழிலாளர் குடும்பம் இருக்குமா? இணைய விளம்பரங்களில் இன்ன இனத்தார் மட்டும் என்று பச்சையாகவே எழுதுகிறார்கள். வீட்டுக்காரர் தமிழராக இருந்தும் இதே நிபந்தனையைப் போடுகிற கதையும் நமக்குத் தெரியாததல்ல. வெட்கக்கேடு!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8-வது பிரிவு, இனம், மதம், பிறந்த இடம் பார்த்துக் குடிமக்களைப் பாகுபடுத்தக்கூடாது என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அரசாங்கத்தின் கையைக் கட்டுகிற பிரிவு. தனியார் வீட்டுக்காரரை அது தொடாது. கர்ப்பமானதால் விமானப் பணிப்பெண் வேலையை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், தனியார் செய்யும் பாகுபாட்டை அரசமைப்புச் சட்டத்தைக் கொண்டு தட்டிக்கேட்க முடியாது என்று 2005-ல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கதவு சாத்தப்பட்டதால் வாடகைக்கு வீடு தேடுகிற நாமும் வெளியே நிற்கிறோம்.

எப்படியோ ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று வையுங்கள். மாதம் 800 வெள்ளி வாடகை. முன்பணம் இரண்டு மாதம், அதாவது 1,600. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வைப்புத்தொகை 400. முதல் மாத வாடகை 800. சாவி கைக்கு வருவதற்கு முன்பே 2,800 வெள்ளி போய்விடுகிறது. 2025-ல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேலே ஒரே நாளில் எடுத்து வைக்கத் தொழிற்சாலைத் தொழிலாளி எங்கே போவார்? ஆலோங்கிடம்தான் போவார். அந்த முன்பணத்தை யார் வைத்திருக்க வேண்டும், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு இந்த நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. காலி செய்யும் நாளில் “சுவர் அழுக்கு, குழாய் பழுது” என்று சொல்லி மொத்தத்தையும் விழுங்கிவிட்டால், 1,600 வெள்ளிக்காக யார் வழக்கறிஞர் வைத்து வழக்காடுவார்கள்?

ஒரு காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம். 1948-க்கு முன் கட்டப்பட்ட பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களை அது காத்தது. 1997-ல் அதை நீக்கச் சட்டம் இயற்றினார்கள். 2000 ஜனவரி 1 முதல் அது முற்றாகப் போனது. பினாங்கு ஜோர்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஏழைக் குடும்பங்கள் ஏறிய வாடகையைக் கட்ட முடியாமல் ஊரைவிட்டே கிளம்பின. அதற்குப் பதிலாகப் புதிய வாடகைக் குடியிருப்புச் சட்டம் வருகிறது, வருகிறது என்று வீடமைப்பு அமைச்சு பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். பேச்சு மட்டும் மாறவில்லை.

இவ்வளவுக்கு நடுவிலும் நம் கையில் ஒரு கருவி இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவைத்தான் சொல்கிறோம். வாடகை ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தாலும்கூட, வீட்டுக்காரர் நீதிமன்றம் போகாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது, கதவைக் கழற்றுவது, ஆட்களைக் கூட்டிவந்து சாமான்களை வெளியே எறிவது எல்லாமே சட்டத்துக்குப் புறம்பு. வாடகை பாக்கிக்காகச் சாமான்களைப் பறிமுதல் செய்ய வேண்டுமா? அதற்கும் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற ஆணை வேண்டும். இதை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பூட்டு மாற்றப்பட்ட வீட்டின் முன்னால் ஒரு குடும்பம் தனியாக நின்று இந்தப் பிரிவைச் சொன்னால் சிரிப்பார்கள். அதே மாடியில் இருக்கும் 20 குடும்பங்கள் கூட நின்று சொன்னால், வந்த ஆட்கள் போலீஸ் நிலையம் போவோமா என்று யோசிப்பார்கள்.

நாம் சொல்ல வருவது இதுதான். வாடகைக்கு இருப்பவர்கள் தனித்தனியாக இருக்கும்வரை இந்த நகரத்தில் நம்மை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

இது நமக்குப் புதிதும் அல்ல. தோட்டத்தில் லயத்து வீடு யாருடையது? கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். வேலை போனால் கூரையும் போகும். சொந்தக்காரன் ஒருவன் பார்க்க வந்தால்கூட துரைக்கும் கிராணிக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1941-ல் இதே கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கீழ் நம் தாத்தா பாட்டிமார் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கேட்டது கூலி உயர்வை மட்டுமா? உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். படையை இறக்கினார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தங்கள் வீட்டு வாசலுக்கு யார் வரலாம் என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமைக்காகவும் அந்த மக்கள் நின்றார்கள் என்பதை நம் வரலாற்றுப் புத்தகங்கள் எங்கே சொல்கின்றன?

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் தாமானும் தொழிற்பேட்டையும் கோல்ஃப் திடலும் வந்தன. 1980-க்கும் 2000-க்கும் இடையில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. அவர்கள் எங்கே போனார்கள்? புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். தற்காலிகம் என்று சொல்லப்பட்ட ரூமா பாஞ்சாங்கில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2005-க்குள் சிலாங்கூரில் புறம்போக்குவாசிகளே இருக்கக்கூடாது என்று அன்றைய மாநில அரசாங்கம் இலக்கு வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சிலாங்கூர் முன்னேறிய மாநிலம் என்று விழா எடுத்தார்கள். வறுமையை ஒழிக்க முடியவில்லை, ஏழைகள் கண்ணில் படாமல் செய்ய முடிந்தது!

2007 அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாட்களே இருக்கும்போது, ஷா ஆலம் பாடாங் ஜாவா கம்போங் ரிம்பா ஜெயாவில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டோம். நவம்பர் 25-ல் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட கூட்டத்தின் நெஞ்சில் அந்தக் கோயில் இருந்தது. ஆனால் இங்கே நம் இயக்கங்களை நோக்கியே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கம்போங் ரிம்பா ஜெயா ஒரு குடியிருப்பு. அங்கே மனிதர்கள் குடியிருந்தார்கள். கோயில் இடிந்தது நினைவில் நிற்கிறது. அந்தக் குடும்பங்கள் எந்த பிளாட்டில், எந்த மாடியில், என்ன வாடகைக்குப் போய்ச் சேர்ந்தன என்று யார் விசாரித்தோம்? அம்மனுக்கு வீடு வேண்டும், சரி. அம்மனைக் கும்பிடுகிறவர்களுக்கு வேண்டாமா?

கோயில் கமிட்டி என்றால் நம்மவர்கள் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிறார்கள் பாருங்கள். வீடு வீடாகப் போய்ப் பத்து வெள்ளி ரசீது கிழிக்கிறோம். தீமிதிக்குத் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், கூட்டம் ஒழுங்குபடுத்த ஆள், எல்லாம் தயார். அதே பிளாட்டில் லிப்ட் மூன்று மாதமாக ஓடவில்லை. பாட்டியைப் பத்தாவது மாடியிலிருந்து நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குகிறோம். அதற்கு ஒரு கமிட்டி இல்லை. ஒய்.பி. வருவார், பார்ப்பார், போட்டோ எடுத்துக்கொள்வார். நாமும் பக்கத்தில் நின்று சிரிப்போம்.

பாதுகாப்பு என்பது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் உள்ள ஸ்ரீ பந்தாய் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில், மேல் மாடியிலிருந்து எறியப்பட்ட ஒரு நாற்காலி விழுந்து 15 வயது மாணவன் இறந்தான். தாயோடு வீடு திரும்பிக் கொண்டிருந்த நம் பிள்ளை. 124 வெள்ளி வாடகைக்கு வீடு கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டுகிறார்களே, ஆயிரக்கணக்கானோரை அடுக்கி வைத்த இடத்தில் மேலிருந்து விழுவதைத் தடுக்கக் கூரையுள்ள நடைபாதை, கண்காணிப்பு, குப்பை இறக்க வசதி இவையெல்லாம் போதுமான அளவு இருக்கிறதா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நாற்காலியை எறிந்தவன் குற்றவாளிதான். கேட்காமல் இருந்த அதிகாரிகளின் கணக்கும் தனியே இருக்கிறது.

ஊராட்சி மன்றம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் ஹைலண்ட் டவர்ஸ் வழக்கைத் தெரிந்து கொள்ள வேண்டும். 1993 டிசம்பர் 11-ல் உலு கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். மற்ற இரு கட்டடக்காரர்கள் 73 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2000-த்தில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2004-ல் ஒரு நிதி நிறுவனம் 5 கோடியே 20 லட்சம் வெள்ளிக்குச் சமரசத்துக்கு வந்தது. ஆனால் 2006-ல் கூட்டரசு நீதிமன்றம் என்ன சொன்னது? கட்டடம் விழுவதற்கு முன் நடந்தவற்றுக்கு அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் பொறுப்பல்ல என்றது. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு அதற்குக் கவசம் கொடுத்தது. மேற்பார்வை செய்ய வேண்டியவர்களுக்கே சட்டம் கவசம் போட்டுவிட்டது. அந்த மக்கள் நடுத்தர வர்க்கத்தினர், படித்தவர்கள். அவர்களுக்கே சங்கமாக நின்றதால்தான் ஏதோ கிடைத்தது, அதுவும் பத்தாண்டு கழித்து. சங்கமும் இல்லாத நம் நிலைமை என்ன?

இனி பிளாட்டு நிர்வாகத்துக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம், சேமநிதி, லிப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை, பாதுகாவலர் எல்லாவற்றையும் கூட்டு நிர்வாக மன்றமோ (ஜே.எம்.பி. என்றால்தான் நமக்குப் புரியும்) நிர்வாகக் கழகமோ கவனிக்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் ஓட்டு யாருக்கு? வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும். கட்டண பாக்கி வைத்திருந்தால் அவருக்கும் இல்லை. வாடகைக்கு இருப்பவர் அங்கே ஆளே இல்லை. ஆனால் சொந்தக்காரர் பாக்கி வைத்ததற்காக நுழைவு அட்டையை முடக்கும்போது கேட்டில் நின்று தவிப்பது யார்? நாம்தான். கடைசி பஸ்ஸில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவர்தான்.

நம்மவர்களே இதில் ஒரு வாதம் வைப்பார்கள். “நம்ம ஆளுங்க கட்டணம் கட்டமாட்டான், குடிச்சுட்டுக் கத்துவான், அதான் வீடு தரமாட்டேங்கறான்.” கட்டாதவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். ஒருவன் செய்ததற்கு ஒருவனைத்தான் கேட்க வேண்டும், இனத்தையே ஏன் தண்டிக்கிறாய் என்பதுதானே பாகுபாட்டுக்கு எதிரான முதல் கேள்வி? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நாமே வீட்டுக்காரரின் வழக்கறிஞராக மாறிப் பேசுவது என்ன நியாயம்? ஆனால் ஒன்று. கட்டணம் கட்டாமல் லிப்ட் கேட்க முடியாது என்பதும் உண்மை. சங்கம் அமைக்கிறவர்கள் முதல் நாளிலேயே இதை நேருக்கு நேர் பேசிவிட வேண்டும்.

சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கதை தேடி வெளிநாடு போக வேண்டாம். உலு சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஐந்து தோட்டங்கள் இருந்தன. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக். தோட்ட வேலை முடிந்துபோன பிறகும் அந்தப் பழைய வீடுகளை விட்டுப் போகாமல், வாக்களித்த சொந்த வீட்டைக் கொடு என்று அந்தக் குடும்பங்கள் 20 ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தன. ஐந்து தோட்டத்தாரும் சேர்ந்தே கேட்டார்கள். மலேசிய சோசலிசக் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். எத்தனை மந்திரி புசார்கள் மாறினார்கள், எத்தனை முறை கையை விரித்தார்கள்! 2024 மே மாதம், கோல குபு பாரு இடைத்தேர்தல் நேரத்தில், 245 குடும்பங்களுக்கும் வீடு என்று அறிவிப்பு வந்தது. பெர்ஜாயா நிறுவனம் 20 ஏக்கர் நிலம் தர, கூட்டரசும் மாநில அரசும் சேர்ந்து 7 கோடியே 50 லட்சம் வெள்ளி ஒதுக்கின. இடைத்தேர்தல் வந்ததால்தானே கொடுத்தார்கள் என்று சிலர் நக்கல் செய்தார்கள். தேர்தல் எல்லா ஊருக்கும்தான் வருகிறது, எல்லாருக்குமா வீடு கிடைக்கிறது? 245 குடும்பங்கள் ஒரே பட்டியலாக அங்கே காத்திருந்ததால்தான் தேர்தல் அவர்களுக்குப் பயன்பட்டது.

புக்கிட் ஜாலில் தோட்டத்து 41 குடும்பங்களும் 2011-ல் அப்படித்தான் 4 ஏக்கர் கேட்டு மாநகர் மன்றத்தை எதிர்த்து நின்றன. வாடகை பிளாட்டுக்குப் போ என்றபோது, எங்கள் உழைப்பில் விளைந்த மண்ணில் ஒரு துண்டு கொடு என்றார்கள். ஒரு குடும்பம் தனியாக அப்படிச் சொல்லியிருந்தால் நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே காரியம் முடிந்திருக்கும்.

தோட்ட மக்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஒரே லயம், ஒரே வேலை, ஒரே எதிராளி. பிளாட்டில் அப்படி இல்லை. ஒரு மாடியில் பத்து வீடு என்றால் பத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், எதிர் வீட்டில் சீனப் பாட்டி, கீழே வங்காளதேசத் தொழிலாளர்கள். நம்மவர் மட்டும் சேர்ந்தால் போதாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓடாத லிப்ட் இனம் பார்ப்பதில்லை. வீடு மறுக்கப்படுவதை எதிர்க்க நாம் இந்தியராக நிற்போம். கூரை ஒழுகுவதை எதிர்க்க அந்தப் பிளாட்டு மக்களாக நிற்போம். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவைப் பாருங்கள். 30 ஆண்டு வரையிலான கட்டடம் என்றால் 80 விழுக்காடு, அதற்கும் பழையது என்றால் 75 விழுக்காடு, கைவிடப்பட்டது என்றால் 51 விழுக்காடு சொந்தக்காரர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்றது அது. சம்மதிக்காத சொந்தக்காரரின் உரிமை பற்றிப் பெரிய சத்தம் எழுந்தது. எழ வேண்டியதுதான், விவாதமும் தள்ளிப்போனது. ஆனால் அந்தக் கணக்கில் வாடகைக்கு இருப்பவர் எத்தனை விழுக்காடு? பூஜ்யம். நாளை எந்தப் பெயரில் எந்தச் சட்டம் வந்தாலும், பழைய மலிவு விலை பிளாட்டுகளில் குடியிருக்கும் நம்மை யாரும் கேட்கப்போவதில்லை, நாமாக ஒரு பெயரோடு போய் நிற்காவிட்டால்.

அந்தப் பெயரை உண்டாக்குவது மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் குடியிருப்பாளர் சங்கம் பதியலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று அதில் விதி இல்லை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், முத்திரைக் கட்டணம் கட்டியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அதைச் சான்றாக ஏற்கமாட்டார்கள். வீட்டுக்குள் போகும் முதல் நாளே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து வையுங்கள். காப்பார், மேரு பிளாட்டுகளுக்குக் கட்டட ஆணையர் 2024 பிப்ரவரியில் மாநகராக உயர்ந்த கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் தலைமையில்தான் இருக்கிறார். கணக்குக் காட்டாத நிர்வாகத்தின் மேல் புகார் அங்கே போக வேண்டும், ஒய்.பி. சேவை மையத்துக்கு அல்ல. அந்த மன்றத்துக்கு நாம் ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழிந்தது. 2008 டிசம்பரில் ஜெரிட் தோழர்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வைத்த கோரிக்கைகளில் வசதியான வீடும் ஊராட்சித் தேர்தலும் இரண்டுமே இருந்தன. 1941-ல் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்!

இப்போது உடனே செய்யக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் பிளாட்டில் ஜே.எம்.பி. ஆண்டுக் கூட்ட அறிவிப்பு ஒட்டியிருந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வரப்போவதில்லை என்றால் அவரிடம் பதிலாள் கடிதம் கேளுங்கள். பதிலாள் வீட்டுச் சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை, வாடகைக்கு இருப்பவரே போகலாம். ஒருவர் ஒரு சொந்தக்காரருக்கு மட்டுமே பதிலாளாக இருக்க முடியும். கடிதம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே நிர்வாக அலுவலகத்தில் சேர வேண்டும். வீட்டுக்காரர் கட்டண பாக்கி வைத்திருந்தால் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே கட்டிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான பிளாட்டுகளில் பாதிப் பேர்கூட வருவதில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்திருக்கும் ஓட்டுரிமை உள்ளவர்களை வைத்தே கூட்டத்தை நடத்திவிடலாம் என்கிறது சட்டம். இத்தனை நாள் அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் நமக்குத் தெரியாமல் எல்லாம் முடிவானது. இந்த முறை உங்கள் மாடியிலிருந்து எத்தனை கடிதம் போகிறது?